அசன அடுப்புக்கு யார் தீ வைக்க?

ஏ, உக்காருங்க எல்லாரும். உக்காருங்கன்னா உக்காரணும், பாதி நின்னுக்கிட்டு பாதி குனிஞ்சுக்கிட்டு இருக்கக் கூடாது. ஏட்டி ஜாய்சி, அந்தப் பேச்சை உள்ளித்தோலோட சேத்துக் கூடையில போடு. நாளைக்குக் கோயில் பண்டிகைப் பந்தியில ஊரே உக்காந்து திங்கப் போற அசனம். பேசிக்கிட்டே உரிச்சா விடிஞ்சிரும். நான் பேசுதேன், நீங்க உரிங்க. வேலையைப் பிரிச்சாச்சு.

பிரசங்கியாரே, நீங்க இந்த நாற்காலியில இருங்க. ஒரு கால் ஆடும், பயப்படாதிய, எங்க சபையே அப்படித்தான். வெளியூர்லருந்து பண்டிகைக்குப் பிரசங்கம் பண்ண வந்த மனுசன், வந்ததும் வராததுமா என்கிட்ட என்ன கேட்டிய? "மாசிலாமணி அண்ணாச்சி, உங்க தமாசை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்குது, நீங்க ஏன் மூஞ்சைத் தூக்கி வச்சிருக்கிய?"ன்னு கேட்டிய. கேட்டியளா இல்லியா? கேட்டுட்டியல்லா, இப்ப பதிலைக் கேட்டுத்தான் ஆவணும்.

அந்த மூலையில எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு கத்தரிக்கா நறுக்குதாரே ஒருத்தர், அவரைப் பாக்காதிய. அவரு கதை பின்னால வருது. அவரு இருந்தாலும் இல்லாட்டாலும் சத்தம் ஒண்ணுதான்.

எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. அசனத்துக்குச் சோறு பொங்குற பெரிய வார்ப்பை அடுப்புல ஏத்தி, குருவானவர் ஐயா ஜெபம் பண்ணி முடிச்சதும், காஞ்ச பனங்காவோலையில தீயைப் பத்த வச்சி அடுப்புக்குள்ள தள்ளுறது கண்டவன் வேலை கிடையாது. ஆண்டவரை விட்டுக் காணாமப் போன ஒரு ஆளை அந்த வருசத்துல தேடிப் போயி, கூட்டிட்டு வந்து, பந்தியில உக்கார வச்சவன் எவனோ அவன்தான் தீ வைக்கணும். பெரியாளு, சின்னாளுன்னு பாக்கிறதில்ல. தேடிப் போனியா, தீ வை. அவ்வளவுதான்.

இத்தனை வருசமா யாரு வச்சா? ஏ, சொல்லுங்கப்பா, வாயில உள்ளியா இருக்கு? நான்தான் வச்சேன்! காவோலையை இப்படித் தூக்கிப் பிடிச்சி, ஒரு சுத்துச் சுத்தி, பாடகர் குழு பாட ஆரம்பிக்கவும் உள்ள தள்ளுவேன் பாருங்க, அந்த அழகுக்கே நெருப்பு சந்தோசமாப் பிடிக்கும். என் பொண்டாட்டி ஞானசொர்ணம் அந்தா தேங்கா துருவுதா, கேளுங்க அவகிட்ட. என்னட்டி, நல்லாருக்குமா இருக்காதா?

"ஒரு வருசம் வேட்டியில பிடிச்சிச்சு."

பாத்தியளா. நல்லதைக் கேட்டா இதைச் சொல்லுவா.

எனக்கு ஏன் அந்த மரியாதைன்னு கேளுங்க. எங்க சபை கிராம ஊழியம்னா நான் இல்லாம வேன் கிளம்பாது. டிரைவர் இல்லாமக்கூடக் கிளம்பும். ஊர் ஊராப் போவோம். வேன் மேல ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, பாட்டுப் பாடி, நாடகம் போடுவோம். ஒருத்தன் பாவி, ஒருத்தன் தேவதூதன், நான் சாத்தான். கருப்பு அங்கி, மாட்டுக்கொம்பு ரெண்டு, மூஞ்சியெல்லாம் அடுப்புக்கரி. "வாடா மகனே, வா! உனக்குச் சீட்டு வேணுமா, சாராயம் வேணுமா?"ன்னு நான் ஒரு குரல் கொடுத்தா நாய் எல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டு ஓடும். பிள்ளைய சிரிக்கும், பொம்பளைய வாயைப் பொத்துவாவ. பொறவு தேவதூதன் வருவான். நம்ம கோயில் எலக்ட்ரீசியன்தான். "மனந்திரும்பு"ன்னு சொல்லுவான், பீஸ் போன பல்பு மாதிரி. ஜனங்க அப்படியே எந்திரிச்சுப் போயிரும்.

ஒரு ஊர்ல என்ன நடந்து, கேளுங்க. நாடகம் முடிஞ்சி, நம்ம ஆள்கள் கைப்பிரதி கொடுத்துக்கிட்டிருக்காவ. ஒரு தாத்தா நேரா என்கிட்ட வாராரு. கையில நுங்கு. எனக்குக் கண்ணீரே வந்துட்டு, ஒரு ஆத்துமா வருதேன்னு. அவரு சொல்லுதாரு: "சாத்தான் தம்பி, நீங்கதான்யா மனுசன். மத்தவனெல்லாம் சும்மா. அடுத்த வருசமும் நீங்களே வாங்க." நுங்கு முழுசும் எனக்கு. தேவதூதனுக்கு ஒரு கண்ணுகூடக் கிடையாது. நீங்க சிரிக்கிய. ஆனா யோசிச்சுப் பாருங்க, கூட்டத்தைச் சேத்தது யாரு? சாத்தான் சேத்தாத்தான ஆண்டவரு பேச முடியும்?

அப்ப கை தூக்கச் சொல்லுவாவ. "ஆண்டவரை ஏத்துக்கிட்டவங்க கை தூக்குங்க." தூக்குவாவ. எல்லாரும் தூக்குவாவ. அதுல பாதிப்பேரு காலண்டர் கொடுக்கப் போறாவன்னு தூக்கியிருப்பாவ, அது வேற விசயம். கை கைதானே? நாங்க வந்து கமிட்டியில சொல்லுவோம், கமிட்டி கை தட்டும், அசனத்துக்கு நான் தீ வைப்பேன். கை தூக்கினவிய யாராவது அசனத்துக்கு வந்தாவளான்னு கேக்காதிய. தூரம்லா.

இப்படிச் சீரும் சிறப்புமாப் போயிட்டிருந்த ஊழியத்துல வந்து சேந்தான் ஒருத்தன். பேரு கோயில்பிள்ளை. இப்ப இங்க இல்ல, வார்ப்பு எடுக்க டிராக்டர்ல போயிருக்கான், அதான் தைரியமாச் சொல்லுதேன். இல்லாட்டாலும் சொல்லுவேன். எங்க ஊர்ப் பிள்ளையைக் கட்டி வீட்டோட மாப்பிள்ளையா வந்தவன். ஆளு பனைமரத்துல பாதி, பேச்சு அதுல கால்வாசி கிடையாது. வாயைத் திறந்தா திக்கும். அதனால திறக்கிறதே இல்ல.

பிரசங்கியாரே, நான் யாரை வேணும்னாலும் நடிச்சுக் காட்டுவேன். பழைய குருவானவரா? "அன்ப்பானவர்களே..." எப்படி? மூக்குக்குள்ள ஒரு வண்டு இருக்கும் அவருக்கு. பாடகர் குழு மாஸ்டரா? காக்கா விரட்டுத மாதிரி கையை ஆட்டுவாரு, இந்தா இப்படி. உங்களையும் வந்ததுலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், நாளைக்குப் பிரசங்கம் முடியட்டும், செஞ்சு காட்டுதேன். ஆனா இந்தக் கோயில்பிள்ளையை எப்படி நடிக்க? நீங்களே சொல்லுங்க. சும்மா இருக்கிறவனை எப்படிய்யா நடிக்க? நானும் ஒரு நாள் முயற்சி பண்ணினேன். எல்லாரும், "என்ன அண்ணாச்சி, உடம்பு சரியில்லியா?"ன்னு கேட்டுட்டாவ.

பேசத் தெரியாதவனுக்கு வேன்ல என்ன வேலை? பாட்டரி தூக்கு, குழாயைக் கட்டு. செஞ்சான். ஒரு குறை சொல்ல முடியாது. அதுவே எனக்கு ஒரு குறை.

ஒரு நாள் வேன் கிளம்புற நேரம், குழாயைக் கட்டக் கயிறு பத்தலை. "கோயில்பிள்ளை, அந்தக் கீழத்தெருவுல பாக்கியநாதன்னு ஒருத்தர் கட்டில் பின்னுவாரு, அவரு வீட்ல நார்க்கயிறு கிடக்கும், வாங்கிட்டு ஓடி வா"ன்னு நான்தான் அனுப்பினேன். இதை மனசுல வச்சிக்கிடுங்க. அனுப்பினது நான். போனவன் வரலை. நாங்க வேட்டியைக் கிழிச்சுக் குழாயைக் கட்டிட்டுப் போனோம். என் வேட்டிதான். பாதி வழியில குழாய் சாஞ்சி, சாத்தான் கத்துனது எல்லாம் வானத்துக்கு மட்டும் கேட்டுது.

அந்தப் பாக்கியநாதன் யாருன்னு கேட்டியளா? அந்தா, கத்தரிக்கா. என் கூடப்பிறந்த அண்ணன்.

ஏன் திரும்பித் திரும்பிப் பாக்கிய? அண்ணன்தான். ஒரே தாய் வயிறு, ஒரே தட்டுல சோறு. மூக்கைப் பாருங்க, என் மூக்கு. ஆனா அவரு கோயிலுக்கு வாறதை நிறுத்தி வருசக்கணக்காச்சு. என்கிட்டயும் பேச்சு கிடையாது. கோயில் மணி அடிச்சா கதவைச் சாத்திக்கிட்டுக் கட்டில் பின்னுவாரு. சபையே சொல்லிச்சு, அவரு போன ஆளுன்னு. நானும் ஒவ்வொரு உபவாச ஜெபத்துலயும் எந்திரிச்சு நின்னு, சத்தமா, "ஆண்டவரே, காணாமப் போன என் அண்ணனைத் தேடிப் பிடியும்"னு கேட்டிருக்கேன். எல்லாரும் ஆமென் சொல்லுவாவ. உருக்கமா இருக்கும்.

வீட்டுக்குப் போனேனான்னா? எங்க நேரம்? ஊழியம் இருக்குல்லா.

இந்தக் கோயில்பிள்ளை கயித்துக்குப் போனவன், அங்கயே உக்காந்துட்டான். மறுநாளும் போனான். அதுக்கு மறுநாளும் போனான். வேனுக்கு வாறதையே நிறுத்திட்டான். நான் கமிட்டியில சொன்னேன்: "அவனுக்கு ஊழிய வாஞ்சை இல்லை. வேன் இந்தப் பக்கம் போனா அவன் அந்தப் பக்கம் போறான்." அப்படி என்னதான் பேசுதான்னு ஒரு நாள் சாயங்காலம் நானே போயி அந்த உடைமர வேலிக்குப் பின்னால நின்னு பாத்தேன். முள்ளு குத்திச்சு, பரவாயில்லைன்னு நின்னேன்.

பேசவே இல்லய்யா! ரெண்டு பேரும்! எங்கண்ணன் கட்டில் பின்னுதாரு. இவன் நாரை நனைச்சு நனைச்சு எடுத்துக் கொடுக்கான். கைப்பிரதி கிடையாது. பாட்டு கிடையாது. வேதாகமம் அவன் பக்கத்துல ஒரு துணியில சுத்திக் கிடக்கு, திறக்கவே இல்ல. இதுவா ஊழியம்? இதைக் கட்டில் கடையில வேலைக்குச் சேந்ததுன்னு சொல்லுவாவ எங்க ஊர்ல. அப்புறம் எங்கண்ணன் எந்திரிச்சுப் போயி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டு வந்து அவன் கையில கொடுக்காரு. அவரு கையால. ஆத்திக் கொடுக்காரு!

சின்னப் பிள்ளையில எனக்குத்தான் ஆத்திக் கொடுப்பாரு அப்படி. சூடு பொறுக்க மாட்டேன் நான்.

என்னட்டி பாக்கே? தேங்காயைத் துருவு.

ஊர்க்காரன் பாத்தா என்ன நினைப்பான் சொல்லுங்க. கூடப்பிறந்தவன் வேலிக்கு வெளிய, எங்கிருந்தோ வந்த மாப்பிள்ளை உள்ள. எனக்கு மட்டும் நார் நனைச்சுக் கொடுக்கத் தெரியாதா? என்னை ஒரு தடவை, "ஏல மாசிலாமணி, உள்ள வா"ன்னு கூப்பிட்டா நானும் போயிருப்பேன். கூப்பிடலை. வேலிக்கு வெளிய நான் நிக்கிறது அவருக்குத் தெரியாதுன்னு நீங்க சொல்லுவிய. தெரியும். நான் தும்மினேன்.

போன ஈஸ்டருக்குப் பொறவு ஒரு ஞாயித்துக்கிழமை. ரெண்டாம் மணி அடிச்சாச்சு. கோயில்பிள்ளை வாறான், அவனுக்குப் பின்னால, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு எங்கண்ணன் வாராரு. கோயிலே திரும்பிப் பாத்துது. பாடகர் குழு பாட்டுல ஒரு வரியை விட்டுட்டு, மாஸ்டருக்குக் காக்காவே கிடைக்கலை. ரெண்டு பேரும் கடைசி பெஞ்சுல உக்காந்தாவ. நான் முன்னாலருந்து ஓடினேன். ஓடிப் போயி, எல்லாரும் பாக்கும்படியா, "அண்ணே, வந்துட்டியா!"ன்னு கையை விரிச்சேன். அவரு கொஞ்சம் நகந்து உக்காந்தாரு. எனக்கு இடம் விட்டாருன்னு நினைச்சேன். அந்த இடத்துல கோயில்பிள்ளை தன் வேதாகமத்தை வச்சிட்டான்.

அதுக்குத்தான் இந்த வருசம் தீ வைக்கிற உரிமை அவனுக்கு! கமிட்டி முடிவு பண்ணிட்டு. ஒரே ஆளு! நாங்க ஊர் ஊராக் கை தூக்க வச்சோம், அதுக்கு ஒண்ணும் கிடையாது. அவன் ஒத்தைத் தெரு தாண்டினான், அவனுக்குக் காவோலை. குருவானவர் ஐயா சொல்லுதாரு, "மாசிலாமணி, உங்க அண்ணன்லா திரும்பி வந்திருக்காரு, நீங்கதான முதல்ல சந்தோசப்படணும்"னு. நான் சந்தோசப்படாமலா இருக்கேன்? சந்தோசம்தான். சந்தோசத்துலதான் ராத்திரி தூக்கம் வர மாட்டேங்கு. ஆனா என் அண்ணனை நான்ல கூட்டிட்டு வந்திருக்கணும்? என் அண்ணன் என் பின்னாலல்லா வரணும்? அப்புறம் இன்னொரு நியாயமும் இருக்கு. கயித்துக்கு அவனை அனுப்பினது யாரு? ஆளை அனுப்பினவனுக்கு அறுப்புல பங்கு கிடையாதா?

ஏன் சிரிக்கிய பிரசங்கியாரே? என்ன சொன்னிய? கெட்ட குமாரன் கதையில வாற மூத்த மகனா? நல்லாத் தெரியும். அந்தக் கதையை வேன்ல எத்தனை ஊர்ல போட்டிருக்கோம்! அதுல நான் கட்டாத வேசம் இல்ல. அப்பா நான், இளைய மகன் நான், கொழுத்த கன்னுக்குட்டி நான், பன்னிக்கூட்டம் முழுசும் நான். அந்த மூத்தவன் வேசம் மட்டும் கட்டினதில்ல. காணாமப் போன தம்பி திரும்பி வந்ததுக்கு அப்பா விருந்து வச்சா, கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கு வெளிய நின்னு மூக்கைச் சிந்துற வேசம், அது எனக்கு ஒட்டாது. நம்ம முகத்துக்குப் பொருந்தாதுல்லா.

சரி, எங்கண்ணன் ஏன் கோயிலுக்கு வராமப் போனாருன்னு கேக்கிய. அதுவும் ஒரு வெத்து விசயம்.

அவருக்கு ஒத்தைக்கொரு பிள்ளை இருந்தா. ரோசலின். பள்ளிக்கூடம் போற வயசு. நான்தான் அவளைத் தோள்ல வச்சிக்கிட்டு மயில் மாதிரி கத்திக் காட்டுவேன், கொக்கு மாதிரி நடந்து காட்டுவேன். "சித்தப்பா, பஸ்ஸு மாதிரி, சித்தப்பா, ஐயா மாதிரி"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. மூளைக்காய்ச்சல். அவ்வளவுதான், ஒரு வாரத்துல போயிட்டா. மதினி அதுக்கு முன்னாலேயே போய்ச் சேந்துட்டாவ. பிள்ளையை அடக்கம் பண்ணின பிறகு வந்த ஞாயித்துக்கிழமை, சபை ஜெப நேரத்துல எங்கண்ணன் எந்திரிச்சு நின்னாரு. வாழ்க்கையில முதல் தடவை சத்தமா ஜெபம் பண்ண எந்திரிச்சாரு. "ஆண்டவரே"ன்னாரு. அப்புறம் வார்த்தை வரலை. திரும்ப "ஆண்டவரே"ன்னாரு. தோள்ல கிடந்த துண்டைப் பிடிச்சு முறுக்குதாரு. "ஆண்டவரே, என் பிள்ளை"ன்னாரு. அங்கயே நின்னுட்டாரு. குருவானவரே வந்து கையைப் பிடிச்சு உக்கார வச்சாரு.

அந்த வருசக் கிறிஸ்மஸ் மர விழாவுல வழக்கம்போல என் நிகழ்ச்சி. எல்லாரையும் நடிச்சுக் காட்டினேன். குருவானவரை, மணி அடிக்கிற கோயில்குட்டியாரை, கமிட்டிக்காரன் அத்தனை பேரையும். கூட்டம் உருளுது. இன்னும், இன்னும்னு கத்துது. கடைசியா என்ன செய்யன்னு தெரியலை, வாயில வந்துட்டு. துண்டை எடுத்து முறுக்கினேன். "ஆண்டவரே..." அவ்வளவுதான். எல்லாரும் சிரிச்சாவ. சிரிக்கலைன்னு இப்ப சொல்லுவாவ. சிரிச்சாவ! அண்ணன் கூட்டத்துக்கு நடுவுல இருந்து எந்திரிச்சாரு, செருப்பை மாட்டினாரு, போயிட்டாரு. அன்னைக்குப் போனவருதான். தமாசைத் தமாசா எடுக்கத் தெரியாத மனுசன். அதுக்கு நான் என்ன செய்ய? குருவானவரு எடுத்துக்கிட்டாருல்லா? கோயில்குட்டியாரு எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாரு!

நான் மோசமாச் செய்யலய்யா. கேலியே பண்ணலை, அப்படியே செஞ்சேன், அவரு நின்னது மாதிரியே. நீங்களே பாத்துட்டு நியாயம் சொல்லுங்க. செஞ்சு காட்டட்டுமா? ஞானசொர்ணம், அந்தத் துண்டை எடு. என்னட்டி, எடுன்னா? சரி, நானே எடுத்துக்கிடுதேன். இந்தா பாருங்க. இப்படி முறுக்கிக்கிட்டு...

ஆண்டவரே.

ஆண்டவரே... என் பிள்ளை...

என்ன? ஏன் ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்கிய? அன்னைக்குச் சிரிச்சியல்லா! ஜாய்சி, நீ ஏன் மூக்கைச் சிந்துதே, உள்ளி காரமா? பிரசங்கியாரே, நீங்களாவது ஏதாச்சும்...

யாரு கத்தியைக் கீழ வச்சது?

அண்ணே. திரும்பியாச்சா. ஏதோ சொல்லப் போறியளா? ஏ, எல்லாரும் சும்மா இருங்கப்பா, எங்கண்ணன் வாயைத் திறக்காரு. சொல்லுங்க அண்ணே. இத்தனை பேருக்கு முன்னால நீங்களே சொல்லிருங்க, நாளைக்கு அடுப்புக்குத் தீ வைக்க யாருக்கு உரிமை?

"ஏல, தீயை நீயே வச்சிக்கோ. கோயில்பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். அந்த ஜெபத்தை மட்டும் என்கிட்டத் திருப்பித் தந்துரு, நான் இன்னும் முடிக்கலை."